காய்கறி கீஷ்: எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்வது

காரைக்குடியில் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் கீஷ் நுழைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இது பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கும் லொரேன் பகுதியின் பண்டம். வெண்ணெய் சேர்த்த மாவைத் தட்டில் கிண்ணம்போல் பரப்பி, முட்டையும் பாலும் பாலேடும் அடித்து ஊற்றி, ஓவனில் வைத்து இறுக விடுவார்கள். அந்த ஊரில் உப்பிட்ட பன்றி இறைச்சியைப் போடுவது வழக்கம். நான் காய் போடுகிறேன். காய்க்காகவேதான் இதைச் செய்யவும் கற்றேன்.

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோழியும் நண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் வீடுகளில் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மண்டி (அரிசி கழுவிய நீரில் புளி சேர்த்துச் செய்யும் காய்), ஒரு துவட்டல், ஒரு கூட்டு, ஒரு பச்சடி என்று நாலு காய் இலையில் விழுந்த காலம் உண்டு. இப்போது பெரிய வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். இரண்டு பேருக்காக நாலு காய் நறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அரைக் கிலோ காயை ஒரே தட்டில் அடக்கிவிடலாம் என்பதுதான் கீஷிடம் எனக்குப் பிடித்த குணம். அதனால், சரியாக வராமல் போகும்போது அதை விட்டுவிடாமல் எங்கே பிழை என்று தேடிப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில் அளவு. 23 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமும் உள்ள தட்டுக்கு மைதா 200 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, குளிர்ந்த தண்ணீர் 3 முதல் 4 மேசைக்கரண்டி. உள்ளே ஊற்ற 3 முட்டை, பால் 200 மில்லி, பாலேடு 100 மில்லி. காய் பச்சையாக அரைக் கிலோ. வதக்கி முடித்தால் 300 கிராம் அளவுக்குச் சுருங்கும். பாலேடு கிடைக்காவிட்டால், பால், பாலேடு இரண்டுக்கும் பதிலாக அரை லிட்டர் பாலை 300 மில்லியாகும் வரை சுண்டக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு முட்டையோடு சேருங்கள். சூடாகச் சேர்த்தால் முட்டை அங்கேயே வெந்து திரித்திரியாகிவிடும்.

இனி உங்கள் தட்டில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம்.

வெட்டினால் உள்ளே தண்ணீர் நிற்கிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். பலர் முட்டை போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இரண்டு முட்டை கூட்டிவிடுகிறார்கள். அது தவறான திருத்தம். தண்ணீர் வந்தது காயிலிருந்து.

சுரைக்காயில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர். தக்காளியில் 94, கத்திரிக்காயில் 92, பசலைக்கீரையில் 91 என்ற கணக்கில் இருக்கிறது. பச்சைக்காயை அரைக் கிலோ போட்டால் கிட்டத்தட்ட 450 கிராம் தண்ணீரை உள்ளே வைத்து மூடுகிறோம் என்று பொருள். சூடேறியதும் காயின் செல்கள் உடைந்து தண்ணீர் வெளியே வரும். முட்டைக் கலவை இறுகுவதற்கு முன் வந்தால் கலவை நீர்த்துப்போகும். இறுகிய பின் வந்தால் குளமாக நிற்கும்.

நான் முதன்முதலில் சுரைக்காயைத் துருவி அப்படியே போட்டுச் செய்தபோது, ஆயா (பாட்டி) தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "துவட்டாத காயைப் போட்டால் தண்ணீர் விடாமல் என்ன செய்யும்?" கீஷ் என்ற பெயரையே அன்றுதான் அவர் கேள்விப்பட்டார். ஆனாலும் குறையைச் சரியாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் துவட்டல் என்றால் காயை அதன் தண்ணீரிலேயே வேகவிட்டு, அந்தத் தண்ணீர் முழுதும் வற்றும்வரை திறந்த சட்டியில் புரட்டுவது. கீஷுக்குப் போகும் எந்தக் காயும் முதலில் துவட்டலாக வேண்டும். சட்டியின் நடுவில் காயை ஒதுக்கி ஒரு பள்ளம் செய்து பாருங்கள். அதில் தண்ணீர் ஊறாவிட்டால் காய் தயார். தட்டில் பரப்பி ஆறவிட்டுத்தான் மாவின் மேல் போட வேண்டும்.

காய்க்குக் காய் கைப்பக்குவம் மாறும். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி வகைகளைத் துருவி அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறி 20 நிமிடம் வைத்துப் பிழிந்தால் பாதித் தண்ணீர் அங்கேயே போய்விடும். பிழிந்த நீரைக் குழம்பில் விடலாம், ஆனால் கலவைக்கு மறுபடி உப்புப் போடுமுன் ருசி பார்க்க வேண்டும். கத்திரிக்காயைக் கோசுமல்லிக்குச் செய்வதுபோல் அவித்து மசித்துப் போடாதீர்கள். வட்டமாக நறுக்கி, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்கச் சுட்டுப் போட்டால் அடுக்காக நிற்கும். வெண்டைக்காயின் வழவழப்பும் ஈரம்தான்; சிறு வில்லைகளாக அரிந்து, மூடாமல், உப்பைக் கடைசியில் போட்டு வதக்கினால் அடங்கும். தக்காளியின் விதைப்பகுதியை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். கீரையை வதக்கி, கையால் உருட்டிப் பிழிந்து, பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுப் பிழிந்தால் சாறோடு கீரையும் போய்விடும்.

வாழைப்பூ இந்தப் பண்டத்துக்கென்றே பிறந்தது என்பது என் கட்சி. நரம்பும் கண்ணாடித் தோலும் நீக்கி, மோரில் போட்டெடுத்து, பிழிந்து, சோம்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துத் துவட்டினால் உதிரி உதிரியாக நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாது. பலாப்பிஞ்சும் அப்படியே.

அடிமாவு சொதசொதவென்று இருக்கிறது

காய் ஈரமாக இருந்ததால் இப்படி ஆகியிருக்கலாம். அதை மேலே பார்த்துவிட்டோம். காய் உலர்ந்திருந்தும் அடி ஊறினால், மாவுக்கூட்டை வெறுமையாக ஒருமுறை சுடவில்லை என்று பொருள். பச்சை மாவின் மேல் அரை லிட்டருக்கு அருகில் திரவத்தை ஊற்றினால் அது வேகாது, ஊறும்.

மாவைத் தட்டில் பரப்பி முள்கரண்டியால் அங்கங்கே குத்தி, மேலே வெண்ணெய்த்தாள் விரித்து, அதன்மேல் காய்ந்த மொச்சையோ கொண்டைக்கடலையோ விளிம்பு வரை நிரப்புங்கள். 190 டிகிரி சூட்டில் 15 நிமிடம். பிறகு தாளையும் பயறையும் எடுத்துவிட்டு, அடி இளம்பொன் நிறமாகும்வரை இன்னும் 8 நிமிடம். அந்தப் பயறைச் சமைக்க முடியாது. ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் பல வருடம் இதே வேலைக்கு வரும்.

சுட்ட கூட்டில் முட்டையின் வெள்ளைக்கருவை மெல்லப் பூசி மேலும் 2 நிமிடம் ஓவனில் வைத்தால் அது இறுகி ஈரத்தைத் தடுக்கும் தோலாகிவிடும். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. நம் வீட்டுச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாக்கியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம்.

தட்டும் காரணமாகலாம். கண்ணாடியும் பீங்கானும் மெதுவாகச் சூடேறும். அலுமினியமும் எஃகும் விரைவில் சூடாகி அடியை முறுகவைக்கும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் எனாமல் தட்டுகளைப் பார்த்தால் கீஷுக்கே செய்தவைபோல இருக்கும். எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பழைய வண்ண எனாமலில் ஈயம், காட்மியம் கலந்த நிறமிகள் இருக்கக்கூடும். சில்லு பெயர்ந்தவை இன்னும் ஆபத்து. அவற்றைச் சுவரில் மாட்டுங்கள், அடுப்பில் வைக்க வேண்டாம்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். மாலையில் மின்னழுத்தம் குறையும் தெருக்களில் ஓவன் முள் 190 காட்டினாலும் உள்ளே 150 தான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் வெப்பமானியைக் கம்பித்தட்டில் தொங்கவிட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு இது விளங்கியது. அன்று முதல் காலையில் சுடுகிறேன்.

சுட்டு முடித்த பிறகுதான் அடி ஊறியது தெரிந்ததா? துண்டுகளாக வெட்டி, காய்ந்த தோசைக்கல்லில், சிறு தீயில், மூடாமல் 5 நிமிடம் வையுங்கள். அடி முறுகிவிடும்.

பிசையும்போதே மாவு எண்ணெயாக ஒழுகுகிறது

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் 38 டிகிரியைத் தாண்டுகிறது. நண்பகலில் இந்த மாவைப் பிசைவது வெண்ணெயோடு சண்டைக்குப் போவதுதான். விடியற்காலையில் செய்யுங்கள். மைதாவையும் பாத்திரத்தையும் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உள்ளங்கை படாமல் விரல்நுனியால் மட்டும் வெண்ணெயை மாவில் உதிர்த்து, ரொட்டித்தூள் பதம் வந்ததும் தண்ணீர் தெளித்துத் திரட்டுங்கள். தேய்ப்பதற்குக் கடப்பாக்கல் மேடை நன்றாக இருக்கும். குளிர்ச்சியாக இருக்கும் கல். ஒழுகத் தொடங்கிவிட்டால் தொடர்ந்து பிசையாமல், மூடி 30 நிமிடம் குளிரவையுங்கள். கெட்டுப்போகவில்லை.

நெய்யில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெண்ணெயில் சுமார் 16 பங்கு தண்ணீர் இருக்கிறது, நெய்யில் இல்லை. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் உறைந்த நெய் போதும், தண்ணீரைச் சற்றுக் கூட்ட வேண்டும். நானகத்தான்போல மணல்மணலாக வரும், மணமாக இருக்கும். வெட்டும்போது கொஞ்சம் உதிரும்.

விளிம்பு சுருங்கி உள்ளே சரிகிறது

சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்திருப்பீர்கள். மாவில் உள்ள பசைத்தன்மை முறுக்கேறி, சூடு பட்டதும் இழுத்துக்கொள்ளும். குறைவாகப் பிசைந்து, பரப்பிய பிறகு ஒரு மணி நேரம் குளிரில் ஓய்வெடுக்க விடுங்கள். தட்டில் இழுத்துப் பரப்பாமல் அழுத்திப் பரப்புங்கள்.

முட்டைப்பகுதி துளைதுளையாக, ரப்பர்போல் இருக்கிறது

சூடு அதிகம். பாலோடு கலந்த முட்டை 75 முதல் 80 டிகிரிக்குள் மென்மையாக இறுகும். 85ஐத் தாண்டினால் முட்டையின் புரதம் தன்னை இறுக்கிக்கொண்டு, பிடித்துவைத்த தண்ணீரைப் பிழிந்து தள்ளும். துளைகளும் சுற்றி நிற்கும் நீரும் அப்படி வருபவை. காயைச் சரியாகத் துவட்டியும் தண்ணீர் நின்றால் குற்றம் இங்கேதான் இருக்கிறது.

மாவுக்கூட்டைச் சுடுவதற்கு 190 டிகிரி. கலவை ஊற்றியபின் 165 முதல் 170 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். 35 முதல் 40 நிமிடம் ஆகும். தட்டை மெல்ல ஆட்டினால் ஓரம் அசையாமல், நடுவில் ஒரு பணியார அளவுக்கு மட்டும் தளதளவென்று ஆட வேண்டும். அப்போதே எடுத்துவிடுங்கள். மீதிச் சூட்டில் நடுப்பகுதி தானே இறுகும். நடுவும் அசையாமல் இறுகும்வரை காத்திருப்பதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. இட்லி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது.

முட்டையை நுரை வர அடித்தாலும் துளை விழும். கலந்தால் போதும், வடிகட்டி ஊற்றுங்கள்.

மேலே கருகி, நடுவில் வேகவில்லை

தட்டு மேல்கம்பிக்கு அருகில் இருந்திருக்கிறது. நடுவுக்குக் கீழே உள்ள படியில் வையுங்கள். மேலே நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடி 10 நிமிடம் கூடுதலாக விடுங்கள். காயைத் தட்டு நிறைய அமுக்கி அடைத்தாலும் நடுவில் சூடு எட்டாது. கலவை புகுந்து ஓட இடம் வேண்டும்.

கலவை ஊற்றும்போதே திரிகிறது

புளிப்பு. மண்டிக்கோ புளிக்குழம்புக்கோ வதக்கிய காயை மிச்சம் பிடித்து இதில் போட்டால் பால் திரியத்தான் செய்யும். தக்காளி சேர்ப்பதானால் வதக்கிப் புளிப்பைக் குறைத்து மேலே மட்டும் பரப்புங்கள். புளிப்பு வேண்டும் என்று நாக்கு கேட்டால், சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு துவையல் வைத்துக்கொள்ளுங்கள்.

மசாலா பச்சை வாசனை அடிக்கிறது, அல்லது ருசியே இல்லை

பால் காரத்தையும் மணத்தையும் மழுங்கடிக்கும். அதனால் மசாலாவைக் கலவையில் கொட்டாமல் காயைத் துவட்டும் எண்ணெயில் பொரிய விட வேண்டும். சோம்பும் புதிதாகப் பொடித்த மிளகும் கீஷுக்கு ஒத்துப்போகும். கல்பாசியும் மராட்டி மொக்கும் ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் முட்டையின் மென்மை இருந்த இடம் தெரியாது. செட்டிநாட்டு ருசி வர வேண்டும் என்பதற்காகக் கறிமசாலாப் பொடியைக் கரண்டி கரண்டியாகப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சின்ன வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்கினாலே பாதி வேலை முடிந்தது.

குழந்தைகள் காயைப் பொறுக்கி ஒதுக்குகிறார்கள்

இதையும் ஒரு பிழையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காய் உள்ளே போகாவிட்டால் இத்தனை வேலையும் மாவுக்கும் வெண்ணெய்க்கும் மட்டும் ஆகிவிடும். துண்டு பெரிதாக இருந்தால் ஒதுக்குவார்கள். முதல் இரண்டு முறை துருவிய கேரட், பொடியாக நறுக்கிய பீன்ஸ், பிழிந்த கீரை. மூன்றாம் முறை துண்டைச் சற்றுப் பெரிதாக்குங்கள். காயை ஒளித்துவைத்து ஏமாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. கீரை இருக்கிறது என்று சொல்லியே கொடுங்கள். வதக்கும்போது ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுத்தால், தட்டில் வரும்போது அது அவர்களுக்குத் தெரிந்த காயாகிவிடும்.

எவ்வளவு காய் வேண்டும்? ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிறது. நம் நாட்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி உணவில் காயும் கீரையும் மட்டுமே 400 கிராம் என்று வைக்கிறது. என் கீஷை ஆறு துண்டாக்கினால் ஒரு துண்டில் பச்சைக் கணக்கில் 80 கிராம் காய் இருக்கும். இரண்டு துண்டு சாப்பிட்டால் 160 கிராம். மீதியை மதியத் துவட்டலும் இரவுக் கூட்டும் நிரப்ப வேண்டும். கீஷ் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அதில் மைதாவும் வெண்ணெயும் இருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றினால் நார்ச்சத்து கூடும், மாவுக்கூடு சற்றுக் கெட்டியாகும், தண்ணீர் ஒரு கரண்டி அதிகம் குடிக்கும்.

காயின் நன்மை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்தால் காய் வாங்கும் கையே மாறும். நார்ச்சத்து மலச்சிக்கலைத் தவிர்க்கும், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும், கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். பொட்டாசியம் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கத் துணை. முருங்கைக்கீரை, கேரட், மஞ்சள் பூசணியில் உள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. அது கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். மஞ்சள்கருவும் பாலேடும் கூடவே இருப்பதால் கீஷில் அந்தக் கரோட்டின் வீணாவதில்லை. வைட்டமின் சி மட்டும் ஓவன் சூட்டில் பெரும்பகுதி போய்விடும். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின் தேவை. ஆகவே பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த பச்சைக்காய்ப் பச்சடி ஒரு கிண்ணம் அவசியம். சிறுநீரக நோய்க்குப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

வெட்டினால் இடிந்துவிழுகிறது

ஆறவில்லை. ஓவனிலிருந்து எடுத்து 30 நிமிடம் கம்பித்தட்டில் வையுங்கள். அடியிலும் காற்று படும், மாவுக்கூடும் ஊறாது. ரம்பப்பல் கத்தியால் வெட்டுங்கள்.

மறுநாள் மிச்சம் நொளநொளத்துவிட்டது, புளித்த வாடை வருகிறது

புளித்த வாடை வந்தால் தூக்கி எறியுங்கள், ருசி பார்க்க வேண்டாம். முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம் சாதாரண நாளில் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் 1 மணி நேரம்தான். காரைக்குடியில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும். விருந்தாளி தாமதமாக வருகிறார் என்றால் வலைமூடி போட்டுக் காத்திருக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே 3 நாள் நன்றாக இருக்கும்.

வாடை இல்லாமல் அடி மட்டும் நொளநொளத்திருந்தால் மைக்ரோவேவ் வேண்டாம், இன்னும் ஊறும். தோசைக்கல்லைக் காயவைத்துத் தீயைக் குறைத்து, துண்டுகளை வைத்து, முதலில் 5 நிமிடம் மூடிபோட்டு உள்ளே நன்றாகச் சூடேற விடுங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு, அடியைத் தட்டினால் முறுக்குச் சத்தம் வரும்வரை வையுங்கள்.